வெள்ளமும் உப்பும் தாங்கும் நெல்

கேள்வி: வெள்ளத்தையும் உவர் நிலத்தையும் தாங்கும் நெல் ரகங்களை எப்படி உருவாக்குகிறார்கள்? ஒரே ரகம் இரண்டையும் தாங்குமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: இரண்டுக்கும் அடிப்படை நம் உழவர்கள் காத்துவந்த பழைய ரகங்களே என்பதை முதலில் நன்றியோடு சொல்ல வேண்டும். ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில் உள்ள சப்1ஏ மரபணு, பயிர் மூழ்கும்போது அதன் வளர்ச்சியை அடக்கிவைக்கிறது. சாதாரண நெல் நீருக்கு மேலே வர முயன்று வேகமாக நீண்டு, சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து மடிகிறது. இந்த மரபணு உள்ள பயிரோ சத்தைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும், நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கிறது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், புகழ்பெற்ற சுவர்ணா ரகத்துடன் இந்த மரபணு உள்ள நெல்லைக் கலப்பு செய்து, சந்ததிகளை மீண்டும் மீண்டும் சுவர்ணாவுடனேயே சேர்த்து, மரபணு அடையாளங்களைக் கொண்டு தேர்ந்தெடுத்தது. அந்தச் சுவர்ணா சப்1 இந்தியாவில் 2009இல் வெளியிடப்பட்டது. நம் பகுதி உழவர்கள் அறிந்த சிஆர் 1009 ரகத்துக்கும் சப்1 வடிவம் உண்டு.

உவர் தாங்கும் பண்பு கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்லிலிருந்து கிடைத்தது. அதன் சால்டால் என்னும் மரபுப் பகுதி இலைகளில் சோடியம் மிகாமல் பொட்டாசியத்தோடு சமநிலையைக் காக்கிறது. ஆனால் அதன் பலன் பெரிதும் நாற்றுப் பருவத்தில்தான். பூக்கும் பருவத்து உவர்ப்புக்கு வேறு பண்புகளும் தேவைப்படுவதால் அந்தப் பணி கடினமானது.

இரண்டையும் ஒரே பயிரில் சேர்க்க முடியும். எனினும் இரண்டு வாரத்துக்கும் மேலாக வடியாமல் தேங்கும் நீருக்குச் சப்1 மட்டும் போதாது என்பதால், உங்கள் வயலில் நீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைப் பார்த்தே ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.