கையில் இருக்கும் கேமராவுக்கு வேலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமரா, அதோடு வந்த கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ் இருக்கிறது. இதை வைத்து வேலை கிடைக்காது என்கிறார்கள். இரண்டு லட்சம் லோன் போட்டு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது. இருக்கிற கேமராவில் எந்த வேலை முடியாமல் போனது என்று இதுவரை ஒருவர்கூட எழுதவில்லை. உங்கள் கேமராவின் 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 பிக்சல். ஆல்பத்தின் 12க்கு 18 இன்ச் பக்கம் 300 டிபிஐயில் (அச்சில் இன்ச்சுக்கு 300 புள்ளி) கேட்பது 5400க்கு 3600தான். அப்புறம் என்ன குறை? வெளிச்சமில்லாத மண்டபத்தில் உங்கள் கேமரா திணறும், அது உண்மை. அதற்கு ஐந்தாறாயிரத்தில் ஒரு ஃபிளாஷ் போதும். அதிலும் முடியாத அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

இரண்டு லட்சத்துக்கு மூன்று வருஷம் என்றால் மாதம் ஏழாயிரம் போல வரும். ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கோயில் கல்யாணமும் அநேகமாக இல்லை. தவணை மட்டும் எல்லா மாதமும் வரும். தவணை கட்ட முடியாமல் கேமராவையே விற்ற நண்பர்கள் இரண்டு பேர் எனக்கு உண்டு. இருவருமே என்னைவிட நன்றாகப் படம் எடுப்பார்கள். நான் முதல் நான்கு வருஷத்தை ஒரு பழைய கேமரா பாடி, ஒரே லென்ஸில் ஓட்டினேன். இன்றைக்கும் தொழிலில் இருக்கிறேன்.

ஞானஸ்நானம், புதுநன்மை, காதுகுத்து, பால்காய்ப்பு எல்லாமே உங்கள் கேமராவுக்கு ஏற்ற வேலை. தோவாளை மாலை கட்டுகிறவர்கள், தேன் விற்கிறவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள் என்று எல்லோரும் இப்போது போனில்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். அவர்களுக்கும் படம் வேண்டும்.

லாட்ஜுகளையும் விடாதீர்கள். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் தன் அறைப் படங்களைக் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே கடல், ஆனால் படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை. படுக்கை விரிப்பு மஞ்சளடித்துக் கிடந்தது. கிட் லென்ஸை ட்ரைபாடில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒரு படம், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஒன்று எடுத்து, கம்ப்யூட்டரில் சேர்த்தால் கடல் வந்துவிடும். ஒரு அறையை அப்படி எடுத்து, பிரிண்ட் போட்டு மேனேஜர் மேசையில் வையுங்கள். பத்து அறைக்கு ஆறாயிரம் தாராளமாகக் கேட்கலாம். பாதியை அட்வான்ஸாக வாங்காமல் தேதி கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு ஸ்டுடியோவுக்கு செகண்ட் கேமராவாக (முதன்மை ஃபோட்டோகிராஃபருக்குத் துணையாக) மூன்று கல்யாணம் போனேன். பணம் வரவில்லை. (நாகர்கோவில்)

பதில்: எவ்வளவு பேசினீர்கள் என்று எழுதவே இல்லை. பேசாமல் போனீர்கள் என்றுதான் படுகிறது. முதல் கல்யாணத்துக்குக் காசு வராதபோது இரண்டாவதற்கு ஏன் போனீர்கள்? தேதி, நேரம், தொகை மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகுதான் பையைத் தூக்க வேண்டும். அட்வான்ஸ் இங்கேயும் உண்டு.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையில் ப்ரீ வெட்டிங் எடுக்கலாமா? (தக்கலை)

பதில்: அரண்மனை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். அனுமதியை அங்கேதான் கேட்க வேண்டும். திங்கள்கிழமை விடுமுறை. ஜோடியை அலங்கரித்துக் கூட்டிப் போய் வாசலில் நின்று கெஞ்சாதீர்கள்.

கேள்வி: ட்ரோன் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பறக்கவிட்டுக் காசு வாங்கலாமா? (கொட்டாரம்)

பதில்: மாடலும் எடையும் எழுதாமல் கேட்டால் எப்படி? 250 கிராமுக்கு மேல் என்றால், காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். எந்த எடையானாலும் அந்த இடம் அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலத்தில் வருகிறதா என்று முதலில் அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பாருங்கள்.

கேள்வி: லென்ஸ் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிகிறது. (குளச்சல்)

பதில்: டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைத்திருந்தால் பூஞ்சை. நமக்கு இரண்டு பருவமழை, போதாததற்கு உப்புக்காற்று. கடற்கரையிலிருந்து வந்ததும் லேசாக ஈரம் தொட்ட துணியால் பாடியைத் துடைத்து, காயவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கட்டும். தோல் பையில் மட்டும் மூடி வைக்காதீர்கள். வந்த பூஞ்சைக்கு சர்வீஸ்தான் வழி.

கேள்வி: நான் எடுத்த கல்யாணப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதற்கு மணமகள் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். படம் என்னுடையதுதானே? (குழித்துறை)

பதில்: இல்லை. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே என்கிறது 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. இன்றைக்கே படத்தை இன்ஸ்டாகிராமிலிருந்து நீக்கிவிட்டு வருத்தம் சொல்லுங்கள். அடுத்த வேலையில், அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கே, எந்தெந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.