வால்வு இல்லாத ரேடியேட்டர் (கடிதம்)

அன்புள்ள சார்,

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அதன் நகரங்களுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் பொருளியல் முதுகலை மாணவன். அரசுத் திட்டமிடலிலிருந்து சந்தைக்கு மாறிய கிழக்கு ஐரோப்பிய, மத்திய ஆசிய நாடுகளின் ஆற்றல் துறை பற்றி ஒரு கருத்தரங்கத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எந்த அறிக்கையை எடுத்தாலும் 'பொட்டென்ஷியல்' (சாத்தியக்கூறு) என்ற சொல் வந்துவிடுகிறது. கஜகஸ்தானின் காற்று, உஸ்பெகிஸ்தானின் வெயில், கிர்கிஸ்தானின் ஆறுகள். தேவையைப்போலப் பல மடங்கு என்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் நிலக்கரியையும் எரிவாயுவையும் விட்டு ஏன் இவர்களால் நகர முடியவில்லை? ஊழல், அரசியல் உறுதியின்மை என்று முடித்துவிடலாமா?

இன்னொன்று. எல்லா அறிக்கையிலும் 'ஆற்றல் திறன்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கிறது. பல்பை மாற்று, ஜன்னல் இடுக்கை அடை என்பதற்குமேல் அதில் ஏதாவது இருக்கிறதா? நான் அதை ஒரே பத்தியில் முடித்துவிட்டேன். காற்று வரைபடத்தை முதல் படமாகப் போட்டுத்தான் தாளையே தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
கதிர்

*

அன்புள்ள கதிர்,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் கிடக்கிறது.

2011 குளிர்காலத்தில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் இரண்டு மாதம் இருந்தேன். லஸ்தினாய் என்ற பகுதி. சோவியத் காலத்தில், 1974-இல், அதன் வடிவமைப்புக்கு லெனின் பரிசே கொடுத்தார்கள். பைன் மரங்களுக்கு நடுவே கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் இருந்தது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் ஓர் அறை.

வெளியே மைனஸ் 15. உள்ளே நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு அடியில் வார்ப்பிரும்பு ரேடியேட்டர், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சாதனம். தொட்டால் கை சுடும். சூட்டைக் குறைக்கலாம் என்று குனிந்து திருகைத் தேடினேன். இல்லை. குழாய் மேலே நுழைகிறது, கீழே வெளியேறுகிறது, அவ்வளவுதான். அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜன்னலின் மேல்கதவைத் திறந்துவிட்டுப் போனார். அதுதான் அந்த வீட்டின் வால்வு.

வால்வு ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. ஊருக்குப் பொதுவாக ஒரு கொதிகலன் நிலையம். அங்கிருந்து மண்ணுக்கடியில் வெந்நீர்க் குழாய் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரும். கட்டடத்துக்குள் ஒரே குழாய் ஒரு வீட்டு ரேடியேட்டருக்குள் புகுந்து, அதைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போகும். நடுவில் யாராவது அடைத்தால் அடுத்தவர் விறைத்துப்போவார். வரிசையில் முதலில் இருக்கும் வீடு வேகும், கடைசி வீட்டில் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். அடித்தளத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு மீட்டர் இருந்தது. ஆனால் அது காட்டும் தொகையைச் சதுர மீட்டர் கணக்கில் வீடுவீடாகப் பிரித்துவிடுவார்கள். ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் அந்த அம்மாளுக்கு வரும் பில்லில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த பில்லோ, குளிர் மாதங்களில் அவருடைய ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது.

இதை ஒரு வீட்டின் கதையாக விட்டுவிடாதீர்கள். பழைய சோவியத் நிலப்பரப்பு முழுக்க நகரவாசிகளில் பெரும்பகுதியினர் இப்படித்தான் வாழ்ந்தார்கள், பலர் இன்றும் வாழ்கிறார்கள். எரிபொருளுக்கு அன்று விலை என்று ஒன்று இல்லை. அதனால் சுவரைத் தடிமனாகக் கட்டவோ மீட்டர் வைக்கவோ யாருக்கும் தேவை எழவில்லை. 1991-க்குப் பிறகு எரிவாயுவுக்கு விலை வந்தது. சுவரும் குழாயும் மட்டும் பழையபடியே இருந்தன.

லிதுவேனியாவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இக்னலினா அணுமின் நிலையம் செர்னோபிலில் இருந்த அதே வகை உலைகளைக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டுமென்றால் மூடு என்றார்கள். முதல் உலை 2004-இன் கடைசி நாளிலும் இரண்டாவது 2009-இன் கடைசி நாளிலும் நின்றன. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த நாடு வாங்கும் நாடாயிற்று. எரிவாயுவுக்கு அன்று ரஷ்யக் குழாய் ஒன்றுதான் வழி, அவர்கள் சொன்னதுதான் விலை.

அப்படியானால் எல்லோரும் ஓடிப்போய் வெப்பம் வெளியேறாமல் சுவருக்குப் போர்வை போட்டிருக்க வேண்டுமே? அதற்கான அரசுத் திட்டம் 2000-களின் நடுவிலேயே வந்துவிட்டது. மானியம் இருந்தது, மலிவான கடன் இருந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் அது நொண்டிக்கொண்டே கிடந்தது. 90-களின் தொடக்கத்தில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். வீடு உனது. கூரை? மாடிப்படி? வெளிச்சுவர்? அவை எல்லோருக்கும் சொந்தம், அதாவது யாருக்கும் சொந்தமில்லை. பணி தொடங்க வேண்டுமென்றால் பாதிப் பேருக்குமேல் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்க வேண்டும். நான் இருந்தபோது அப்படி ஒரு கூட்டம் மாடிப்படியிலேயே நடந்தது. ஒரு முதியவர் எழுந்து, இருபது ஆண்டுக் கடனில் என் பெயரைப் போடுகிறீர்களே, நான் இன்னும் எத்தனை குளிர்காலம் பார்ப்பேன் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாள்தான் எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது தொழில்நுட்பம் இல்லை, ஒரு கணக்குப்பிள்ளை வேலை. 2013 வாக்கில் நகராட்சிகளே மிக மோசமாக வெப்பத்தைச் சிந்தும் கட்டடங்களைப் பட்டியலிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகியை நியமித்தன. கடனை அந்த நிர்வாகி வாங்குவார். குடியிருப்பவர் மாதாமாதம் தவணை கட்டுவார், வெப்பச் செலவில் மிச்சமாவது அந்தத் தவணைக்கு ஈடாகும்படி கணக்கு அமைந்தது. வறியவர்களின் தவணையை அரசே கட்டியது. வெப்ப மானியம் வாங்கிக்கொண்டே புதுப்பிப்புக்கு மறுப்புச் சொன்னால் அந்த மானியம் கரையும் என்றும் ஒரு விதி. அதற்குப் பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. சரியாகச் செய்த கட்டடங்களில் வெப்பத் தேவை பாதியாகக் குறைந்தது.

இங்கேதான் உங்கள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் உள்ளே வருகிறது. அதே ஆண்டுகளில் ஊர்க் கொதிகலன்களை எரிவாயுவிலிருந்து மரச் சிம்புக்கு மாற்றினார்கள். காட்டில் மிஞ்சும் கிளை, மரத்தொழிற்சாலைக் கழிவு. 2000-இல் இதன் பங்கு சொல்லத் தகுந்ததாக இல்லை. இருபது ஆண்டுகளில் ஊர் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அதிலிருந்து வந்தது. ஜன்னலைத் திறந்து தெருவைச் சூடாக்கும் கட்டடங்களுக்கு அந்தக் காடு எப்படிப் போதும்? தேவை சுருங்கச் சுருங்கத்தான் இருக்கும் வளம் போதுமானதாகிறது. ஆற்றல் திறனை ஒரு பத்தியில் முடிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். (ஒரு புள்ளிவிவரத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 90-களில் இந்த நாடுகள் எரித்த எரிபொருள் மளமளவென்று சரிந்தது. அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகள் மூடியதால் வந்தது. பட்டினி கிடந்தவன் இளைத்ததை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதக் கூடாது.)

கிர்கிஸ்தானைப் பாருங்கள், இதே கதை தண்ணீரில் நடக்கிறது. அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே நீர்மின்சாரம். நரின் ஆற்றில் தொக்தோகுல் அணை, கட்டியபோது 1,200 மெகாவாட், 1,950 கோடி கனமீட்டர் கொள்ளளவு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தானே, பிறகென்ன குறை? சோவியத் காலத்தில் அந்த அணை கோடையில் தண்ணீர் விடும், கீழே ஃபெர்கானா சமவெளியில் பருத்தி விளையும். குளிர்காலத்துக்கு ஆற்றின் கீழ்ப்புற நாடுகள் நிலக்கரியும் எரிவாயுவும் அனுப்பும். 1991-க்குப் பிறகு அந்தப் பண்டமாற்று குலைந்தது. எரிவாயுவுக்குக் காசு கேட்டார்கள். கிர்கிஸ் மக்கள் மலிவாகக் கிடைத்த மின்சாரத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டார்கள். அணை குளிர்காலத்தில் ஓடத் தொடங்கியது, கோடையில் கீழே வயல் காய்ந்தது, குளிர்காலத்தில் வரும் தண்ணீர் பள்ளங்களில் வெள்ளமாக நின்றது. 2007-08 கடுங்குளிரில் நீர்மட்டம் அபாயமாக இறங்கி, 2008-இல் மின்வெட்டு. பிஷ்கேக்கில் ஒரு வீட்டுச் சுவருக்கு ஒரு சாண் பஞ்சு வைத்து மூடினால், இன்னொரு நாட்டில் ஒரு வயலுக்கு ஆடியில் தண்ணீர் மிச்சமாகும். எந்தச் 'சாத்தியக்கூறு' வரைபடத்திலும் இதற்கு நிறம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

விலையை உயர்த்தினால் மக்கள் தாமாகச் சிக்கனமாவார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். 2010 ஜனவரியில் கிர்கிஸ் அரசு மின்சாரக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது, வெப்பக் கட்டணத்தை அதைவிடக் கூடுதலாக ஏற்றியது. ஏப்ரலில் அதிபர் பக்கியேவ் தலைநகரை விட்டு ஓடினார். ஆளும் குடும்பத்தின்மீது வேறு கோபங்களும் இருந்தன, ஆனால் வந்த இடைக்கால அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று அந்த உயர்வை ரத்து செய்தது. பல்கேரியாவில் 2013 பிப்ரவரியில் மின்கட்டண பில்லை எரித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள், பிரதமர் போரிசோவின் அரசு பதவி விலகியது. வால்வே இல்லாதவனிடம் விலையைக் காட்டி என்ன பயன்? அவன் குறைக்க முடியாது, கட்டத்தான் முடியும், முடியாதபோது கல்லை எடுப்பான். சரி, விலையைத் தொடாமலே விட்டுவிட்டால்? கஜகஸ்தானின் எகிபாஸ்துஸ் ஊரைச் சுற்றி உலகின் மிகப் பெரியவற்றில் சேரும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களும் ராட்சத அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. 2022 நவம்பரில், மைனஸ் 30 டிகிரியில், அந்த ஊருக்கு வெப்பம் அனுப்பும் பழைய நிலையமும் குழாய்களும் கைவிட்டன. நிலக்கரிமேல் உட்கார்ந்திருந்த ஊர் வீட்டுக்குள் விறைத்தது. பல ஆண்டுகளாகக் கட்டணத்தில் பழுதுபார்ப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. ஊழல் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்து நிற்கும் முன்பே வட்டி வந்து நிற்கிறது. சோலாருக்கும் காற்றாலைக்கும் எரிபொருள் செலவு இல்லை, மொத்தச் செலவும் முதல் நாளே கைவிட்டுப் போகிறது. 1,000 டாலர் போட்டு ஒரு சோலார் அமைக்கிறீர்கள், 25 ஆண்டில் கடனை அடைக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டி 5 சதவீதமானால் ஆண்டுக்கு 71 டாலர் கட்ட வேண்டும். 12 சதவீதமானால் 127 டாலர். வெயில் அதேதான், பலகையும் அதேதான், மின்சாரம் மட்டும் ஏறத்தாழ 80 சதவீதம் விலை கூடிவிடுகிறது. மாறிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில், நாளை எந்த அரசு எந்த ஒப்பந்தத்தைக் கிழிக்கும் என்று தெரியாதபோது, வட்டி 12-இல்தான் நிற்கும்.

செக் நாடு இதற்கு நல்ல பாடம், பணக்கார ஐரோப்பாவை ஒட்டியே இருந்தும். 2005-இல் சோலாருக்கு உறுதியான விலை கொடுக்கும் சட்டம் போட்டார்கள். அந்த விலையை ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குமேல் குறைக்கக் கூடாது என்று ஒரு விதி. பலகையின் விலையோ அதைவிட வேகமாக விழுந்தது. 2010 முடிவில் ஏறத்தாழ 2,000 மெகாவாட் நின்றது, வயல்வெளியெல்லாம் பலகை. மக்கள் தலையில் விழுந்த பில்லைப் பார்த்து மிரண்டு, கட்டி முடித்த நிலையங்கள்மீதே 26 சதவீத வரி போட்டார்கள். அதன்பிறகு அங்கே சோலார் பல ஆண்டுகள் அப்படியே உறைந்துவிட்டது.

உஸ்பெகிஸ்தான் மறுகோடி. 2019-இல் நவாய் பகுதியில் 100 மெகாவாட் சோலாருக்கு வெளிப்படையான ஏலம், 25 ஆண்டு கொள்முதல் ஒப்பந்தம், பின்னால் உலக வங்கிக் குழுமத்தின் உத்தரவாதம். அபுதாபியின் மஸ்தார் நிறுவனம் யூனிட்டுக்கு 2.679 சென்ட் கேட்டு வென்றது. வெயில் 1991-இலும் அதே வெயில்தான். ஆனால் அந்த நாடே 2023 ஜனவரிக் குளிரில் எரிவாயு போதாமல் தாஷ்கண்டில் வீடுகளைச் சூடாக்க முடியாமல் திண்டாடியது. குளிர்கால இரவில் சோலார் என்ன செய்யும்? சுவர்தான் ஏதாவது செய்யும்.

'பொட்டென்ஷியல்' என்ற எண்ணுக்குள் இன்னொன்றும் மறைந்திருக்கும். போஸ்னியாவின் சிற்றாறுகள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். 2017-இல் க்ருஷ்சித்சா என்ற கிராமத்துப் பெண்கள் தங்கள் ஆற்றுக்குப் போகும் பாலத்தில் உட்கார்ந்தார்கள். 500 நாளுக்குமேல் இரவும் பகலும் காவல் இருந்தார்கள், சிறு நீர்மின் நிலையம் வரவில்லை. அட்டவணையில் அந்த ஆறு இன்னும் இத்தனை மெகாவாட் என்றுதான் இருக்கும்.

காற்று வரைபடத்தை முதல் படமாகப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கும். அடுத்த பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: அந்த நாட்டில் நீண்டகாலக் கடனுக்கு வட்டி என்ன, வெப்பத்துக்குப் பணம் சதுர மீட்டர் கணக்கிலா வீட்டு மீட்டர் கணக்கிலா, கூரைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார். நான்கைந்து நாடுகளுக்கு இந்த மூன்றையும் தேடி எடுக்கவே உங்களுக்கு ஒரு மாதம் ஆகும். முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்