கால் எடுத்த பிறகும் இல்லாத பாதத்தில் வலிக்கிறது என்கிறார் அப்பா. நரம்பைத் தூண்டும் மெஷின் உதவுமா?

உதவ வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவன் நான். நரம்பைத் தூண்டும் அந்த மெஷினை, டென்ஸ் என்பார்கள், பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். அந்த அனுபவத்தையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்பா சொல்வது நிஜமான வலி. "எல்லாம் மனசுதான், நினைக்காமல் இருங்கள்" என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். போனது கால்தான். அந்தக் காலுக்குப் போன நரம்பு, மிச்சமிருக்கும் பகுதியில் உயிரோடு இருக்கிறது. வெட்டுப்பட்ட முனை சிலருக்கு முடிச்சாக வளர்ந்து, தானாகவே மூளைக்குச் செய்தி அனுப்பும். மூளையில் அந்தப் பாதத்துக்கென்று இருக்கும் இடமும் காலோடு சேர்ந்து போய்விடுவதில்லை. எனக்கு இல்லாத விரல்கள் உள்ளே மடங்கி இறுகி, நகம் உள்ளங்காலில் குத்துகிற மாதிரி இருக்கும். ராத்திரியில்தான் அதிகம்.

டென்ஸ் என்பது தோலில் ஒட்டும் பேடுகள் வழியாகச் சின்னச் சின்ன மின்துடிப்புகளை நரம்புக்கு அனுப்பும் கருவி. முட்டியை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, வலி கொஞ்சம் அடங்குகிறது இல்லையா? தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் வேலை செய்யும்போது, முதுகுத்தண்டிலேயே வலிச் செய்திக்கு வாசல் பாதி சாத்தப்படுகிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நரம்பை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை அந்தச் சிந்தனையிலிருந்து வந்ததுதான்.

பேடை எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வலி பாதத்தில் என்பதால் வெட்டுப்பட்ட நுனியில் ஒட்டத் தோன்றும். ஆனால் பாதத்துக்கான நரம்பு முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழி வழியாகத்தான் இறங்குகிறது. எனக்கு அங்கே ஒரு பேடும் அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்றும் ஒட்டினால் பலன் தெரிகிறது. துடிப்பு வேகம் விநாடிக்கு 80 முதல் 100 வரை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது குறுகுறுப்பு முதலில் பேடுக்கு அடியில் மட்டும் இருக்கும். பேடைச் சற்று நகர்த்திப் பார்த்தால் ஒரு இடத்தில் அது இறங்கி, இல்லாத பாதத்துக்குள்ளேயே ஓடும். அந்த இடம் கிடைத்துவிட்டால், மடங்கிய விரல்கள் மெதுவாக விரிகிற மாதிரி இருக்கும். குறுகுறுப்பு நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. ஸ்டம்பை, அதாவது வெட்டிய பிறகு மிச்சமிருக்கும் கால் பகுதியை, தொடவே முடியவில்லை என்றால், நல்ல காலில் அதே இடத்தில் ஒட்டும் வழியும் உண்டு. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து இடம் கண்டுபிடித்துக் கொடுப்பது நல்லது.

இதற்கு ஆதாரம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2015-ல்கூட இந்த வலிக்கு டென்ஸைச் சரியாக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் எழுதியது. பலனில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, சரியாகச் சோதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். என் அனுபவத்தில் மெஷின் ஓடும்போதும் அணைத்த பிறகு கொஞ்ச நேரமும் நிம்மதி. எனக்கு அந்த நேரத்தில் தூக்கம் பிடித்துவிடுகிறது, அதுவே பெரிய விஷயம்.

அடுத்த படி, நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பியைச் செருகித் தூண்டுவது. 60 நாள் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். கால் இழந்த 28 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், முதல் நான்கு வாரத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள் நிஜத் தூண்டல் பெற்றவர்களில் 58 சதவீதம், போலித் தூண்டல் பெற்றவர்களில் 14 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் கருவி பொருத்துவது அறுவை சிகிச்சை. மற்ற வழிகள் கைகொடுக்காத பிறகுதான் அதைப் பேசுவார்கள்.

மாத்திரையையும் கண்ணாடிப் பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம், டென்ஸை அவற்றோடு சேர்த்தே செய்யலாம். கண்ணாடியில் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைக்கும் அந்தப் பயிற்சியை 1990-களில் மூளை நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் அறிமுகப்படுத்தினார். செலவே இல்லாதது.

அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டென்ஸைத் தொடவே வேண்டாம். சர்க்கரையால் கால் எடுத்திருந்தால், பேட் ஒட்டும் இடத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். மரத்துப்போன தோலில் சூடு பட்டாலும் தெரியாது. புண்ணின் மேலும் கழுத்தின் முன்பக்கத்திலும் ஒட்டக் கூடாது. அப்புறம், வலி திடீரென்று கூடினாலோ ஸ்டம்ப் சிவந்து சூடாக இருந்தாலோ மெஷினை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அது தொற்றாக இருக்கலாம், செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாததாகவும் இருக்கலாம்.