இணையத்தில் நாடு கட்டி ஆளும் விளையாட்டில் உளவுக்கு விதி எப்படி இருக்க வேண்டும்?

கேட்டவரின் குழுவில் ஒருவர் பக்கத்து நாட்டின் படைக்கணக்கை உளவு பார்த்து எடுத்துவிட்டார். பாதிப் பேர் இது கள்ளாட்டம் என்கிறார்கள், மீதிப் பேர் நிஜ நாடுகள் செய்யாததா என்கிறார்கள். உளவை அடியோடு தடை செய்வதா, கண்டுகொள்ளாமல் விடுவதா, விதி போட்டு அனுமதிப்பதா என்பதுதான் கேள்வி.

விதி போட்டு அனுமதியுங்கள். உளவாளி பிடிபடுவானா, தப்பிப்பானா என்பதை வைத்துத்தான் எல்லாக் குழுவிலும் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். அவன் கொண்டுவரும் சேதியை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் பேசுவதில்லை. ஆட்டம் நிற்பதும் கவிழ்வதும் அங்கேதான்.

நான் வேலூர், சத்துவாச்சாரி. காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று சுற்றுவட்டார நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய நாட்டு ஆட்டத்தைச் சொந்தமாகவே நடத்துகிறோம். ஆளுக்கு ஒரு நாடு. வரி, விளைச்சல், படை, துறைமுகம் எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். ஞாயிறு இரவுக்குள் அவரவர் ஆணைகளை டெலிகிராமில் நடுவருக்கு அனுப்ப வேண்டும், திங்கள் காலை அவர் முடிவுகளைப் போடுவார்.

முதலில் இருந்த உளவு விதி எளிமையானது. நடுவர் பகடை உருட்டுவார். ஒன்றோ இரண்டோ விழுந்தால் உளவாளி மாட்டிக்கொள்வான், மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் எதிரியின் ஷீட் அப்படியே உங்கள் கைக்கு வரும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே தூது அனுப்புவது நின்றுபோனது. எல்லையில் ஐந்து படை நிற்கிறது என்று ஒருவர் மிரட்டினால், எதிராளி ஒரு உளவாளியை அனுப்பிவிட்டு, "இரண்டுதான் இருக்கிறது" என்று அடுத்த வாரமே குழுவில் போட்டுவிடுவார். சேதி எப்போதுமே உண்மை என்று ஆகிவிட்டால் பேரம், மிரட்டல், நட்பு எதற்குமே வேலை இல்லை. யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றால் அப்புறம் எதற்கு இந்த ஆட்டம்?

பெரிய ஆட்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று அப்போது தேடிப் பார்த்தோம். 2002-ல் மேக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸில் உளவு பார்க்க என்று ஒரு பட்டனே கிடையாது. இருந்தும் அங்கே உளவுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிராந்தியத்தைக் கைப்பற்ற நினைப்பவர்கள் தங்கள் ஆளை முன்கூட்டியே உள்ளே குடியேற்றி, நல்லவனாக உட்கார வைத்துவிடுவார்கள். அதை அந்தத் தளம் தடுப்பதில்லை. ஒருவர் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாடுகள் ஓட்டுப் போடும் உலக மன்றத்தில் ஒன்றே ஒன்றுதான் உறுப்பினராக இருக்கலாம் என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அந்தக் கோடு மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. வேஷம் போடலாம், ஒரே ஆள் இரண்டு ஓட்டுப் போடக் கூடாது.

2014-ல் வந்த பாலிடிக்ஸ் அண்டு வார் இன்னொரு வழியில் போகிறது. அதில் உளவாளிகளும் சிப்பாய்களைப் போல விலைக்கு வாங்கும் படைதான். எதிரியின் டாங்கிகளை நாசம் செய்யலாம், ஏவுகணையை அழிக்கலாம், அவருடைய உளவாளிகளையே கொல்லலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. உளவு இன்னொரு பீரங்கியாக மாறிவிடுகிறது, சேதி என்ற அதன் உயிர் போய்விடுகிறது.

எங்களுக்கு வழி கிடைத்தது குறளில். ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 581 முதல் 590 வரை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை ஆட்ட விதியாக நினைத்துப் படித்துப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள்.

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்

ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார். அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று பேரை அனுப்பு, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு. அதாவது ஒற்றன் பொய் சொல்லலாம், விலைபோகலாம், தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் வள்ளுவர் பேசுகிறார். எங்கள் பகடை விதியில் இல்லாமல் போனது இதுதான்.

காட்பாடி நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "சரிபார்க்க ஆள் அனுப்பினால் போதுமே, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அறியக் கூடாது என்பதெல்லாம் வீண் சுமை" என்றார். அன்று கோட்டை மைதானத்தில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம், பதில் எதிரிலேயே இருந்தது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், மக்கான் பக்கம் நினைவுத்தூண் நிற்கிறது. அதற்கு முந்தைய மாதம் நடந்தது பலருக்குத் தெரியாது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரி ஃபோர்ப்ஸிடம் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். அந்த அதிகாரி சரிபார்க்காமல் இருக்கவில்லை. இந்திய அதிகாரிகள் குழு ஒன்றை விசாரிக்கச் சொன்னார். அந்தக் குழுவோ சதியில் பங்குள்ளவர்களின் கையில் இருந்தது. இவனுக்குப் புத்தி சரியில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்க, முஸ்தபா பேக்கை அடைத்து வைத்தார்கள். அப்புறம் ஒரு விடியற்காலையில் கோட்டையில் புரட்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்துதான் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கோட்டையை மீட்டார்கள்.

சரிபார்ப்பு நடந்தது, ஆனால் எங்கிருந்து ஆபத்து வந்ததோ அங்கேயே போய்க் கேட்டார்கள். காட்பாடி நண்பர் அதோடு ஒத்துக்கொண்டார்.

ஆற்காட்டிலும் ஒரு கதை உண்டு. 1751-ல் கும்பினிப் படையின் கிளைவ் சுமார் 500 பேரோடு ஆற்காட்டை நோக்கி வந்தார். கோட்டையில் இருந்த படை அதைப் போல் இரண்டு மடங்கு. இடியும் மழையுமாக இருந்த வேளையிலும் வெள்ளைக்காரன் நிற்காமல் நடந்து வருகிறான் என்று ஒற்றர்கள் போய்ச் சொன்னார்கள். சொன்னது முழு உண்மை. அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் கோட்டையை விட்டே ஓடிவிட்டார்கள். உண்மையான சேதியே ஒரு கோட்டையைக் காலி செய்யும் என்பதால், எங்கள் ஆட்டத்தில் உளவறிக்கையில் எண்ணைப் போடுவதில்லை. ஒற்றன் கண்ணால் கண்டதை மட்டும் நடுவர் எழுதுவார்: "இரவில் சமையல் புகை அதிகம்", "துறைமுகத்தில் மூன்று நாளாகக் கப்பல் இறங்கவில்லை". அதற்கு என்ன அர்த்தம் என்பது அரசன் பாடு.

இப்போதைய விதி இதுதான். நீங்கள் ஒற்றனை அமர்த்தும்போது அவன் திறமையானவனா, சுமாரா, எதிரியிடம் விலைபோனவனா என்பதை நடுவர் மறைவாகப் பகடை போட்டு முடிவு செய்வார், உங்களுக்குச் சொல்ல மாட்டார். வணிகர் வழி, துறவி வழி, படைமுகாம் வழி என்று மூன்று வழிகள் உண்டு. துறவி வேஷமும் குறளில் இருந்து எடுத்ததுதான், 586. ஒரே வழியில் மூன்று பேரை அனுப்பினாலும் அது ஒரு சாட்சிதான், ஏனென்றால் எதிரி காசு செலவழித்து ஒரு வழியை வாங்கிவிட முடியும். வாங்கினால் அந்த வழியில் போகும் அறிக்கையை அவரே எழுதலாம்.

இது வந்த பிறகு ஆட்டம் எப்படி மாறியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குடியாத்தத்து அண்ணன் ஆம்பூர்த் தம்பியின் நாட்டின் மேல் படையெடுக்க இருந்தார். வணிகர் வழியில் வந்த இரண்டு அறிக்கையும் களஞ்சியம் காலி என்றன. துறவி வழியில் வந்தது, அன்னசாலையில் கூட்டம் குறையவில்லை என்றது. அண்ணன் படையை நிறுத்திவிட்டு ஒரு தூதரை அனுப்பி, நெல் தருகிறேன், இரண்டு மடங்கு விலை என்றார். தம்பி பாதி விலைக்குக் கேட்டுப் பேரம் பேசினார், அதுவும் நிதானமாக. பசியில் இருக்கிற நாடு இப்படிப் பேரம் பேசாது என்று அண்ணன் முடிவு செய்து படையைத் திருப்பிக்கொண்டார். வணிகர் வழியைத் தம்பி விலைக்கு வாங்கியிருந்தார் என்பது ஆட்டம் முடிந்து நடுவர் ஏடுகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நின்றுபோயிருந்த தூதும் பேரமும் இப்படித்தான் திரும்பி வந்தன.

தடை செய்ய வேண்டியவை சிலவே. அடுத்தவர் பாஸ்வேர்டு, அடுத்தவர் போன், இரண்டாவது அக்கவுண்டில் இன்னொரு கூட்டணியின் குரூப்பில் நுழைவது, ஆட்டத்துக்கு வெளியே நட்பாகச் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது. இவை நாட்டை உளவு பார்ப்பது ஆகாது, ஆளை உளவு பார்ப்பது. இதில் மட்டும் இரக்கமே காட்டாதீர்கள். அரசனாக இருந்து பொய் சொல்வதோ கூட்டணியைக் கைவிடுவதோ இதில் சேராது. 2009-ல் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்தில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரும் கூட்டணியை, உள்ளேயிருந்த ஒரு பொறுப்பாளரே எதிரணிக்குத் தாவி ஒரே நாளில் கலைத்தார். தனக்கு ஆட்டம் கொடுத்திருந்த அதிகாரத்தை வைத்துத்தான் செய்தார் என்பதால் அந்த ஆட்டத்தை நடத்துபவர்கள் அதைத் திருப்பிப் போடவில்லை. இழந்தவர்களுக்கு வலித்திருக்கும், ஆனாலும் அது சரியான முடிவு.

பிடிபட்ட ஒற்றனுக்கு என்ன தண்டனை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள், போர் நடுவில் எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். நாங்கள் 1907-ல் நாடுகள் கூடி ஏற்ற ஹேக் போர் விதிகளைப் பின்பற்றினோம். மாறுவேஷமோ பொய்க்காரணமோ இல்லாமல் சீருடையோடு வருபவன் உளவாளி ஆக மாட்டான் என்கிறது 29-ஆம் பிரிவு, அதனால் வெளிப்படையாக வரும் தூதரை யாரும் தொட முடியாது. விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்கிறது 30, அதற்காக மூன்றாம் நாட்டுக்காரர் ஒருவரை நீதிபதியாக வைக்கிறோம். 31-ஆம் பிரிவில்தான் இன்னும் தகராறு. உளவு பார்த்துவிட்டுத் தன் படைக்குத் திரும்பிய ஒருவன் பின்னால் பிடிபட்டால், அவன் போர்க்கைதிதான், பழைய உளவுக்காகத் தண்டிக்க முடியாது என்கிறது அது. ராணிப்பேட்டைக்காரர்கள் இதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். இருக்கட்டும் என்கிறேன் நான், ஏனென்றால் வீடு வந்து சேர்ந்த ஒற்றனைப் பற்றிய பழைய கணக்கைத் தோண்ட ஆரம்பித்தால் எந்தச் சமாதான ஒப்பந்தமும் நிற்காது. அடுத்த சுற்று தொடங்கும் முன் ஓட்டுக்கு விடுகிறோம்.