4294967297 பகா எண்ணா? இதைக் கையால் கண்டுபிடிக்க முடியுமா?

பகா எண் இல்லை. 641 × 6700417. கையால் கண்டுபிடிக்க முடியும், ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

நீங்களும் 3, 7, 11 என்று வகுத்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது கணக்கு ஆசிரியர் ஒருவர், 2-இன் 32-ஆவது அடுக்கோடு 1-ஐக் கூட்டி வருவது, அதாவது இதே 4294967297, பகா எண்ணா என்று பார்த்துவிட்டு வா என்றார். கடைசி இலக்கம் 7, அதனால் 2-ம் 5-ம் போச்சு. இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3-ம் போச்சு. அப்புறம் ஒவ்வொரு பகா எண்ணாக எடுத்து ஒரு நோட்டு முழுக்க வகுத்துக்கொண்டே போய், 613 வரை வந்ததும் கை ஓய்ந்து, இதற்கு மேல் எதுவும் வகுக்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 617, 619, 631, அடுத்தது 641. நாலே நாலு எண்! ஆசிரியர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் 'சரி' போட்டுத் திருப்பிக் கொடுத்தார், அதுதான் இன்னும் ஆறவில்லை.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இந்த வகை எண்கள் (2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1-ஐக் கூட்டினால் வருபவை) எல்லாம் பகா எண்கள்தான் என்று நம்பியவர். 3, 5, 17, 257, 65537 வரை அது சரியாகவும் இருந்தது. சுவிஸ் கணித மேதை ஆய்லர்தான் 1732-இல் இந்த ஆறாவது எண்ணை உடைத்தார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. அதாவது ஐந்தாவது முயற்சியிலேயே விடை. நான் 7-இலிருந்து 613 வரை 109 முறை வகுத்தேன்.

சரிபார்க்கப் பெரிய வகுத்தலும் வேண்டாம். 2-இன் 16-ஆவது அடுக்கு 65536, அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 65536-இன் வர்க்கம்தான் 2-இன் 32-ஆவது அடுக்கு, அதனால் மீதியையும் வர்க்கமாக்கினால் போதும்: 154-இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்றுதான் குறைகிறது, அந்த ஒன்றைத்தான் நாம் கூட்டுகிறோம். (ஆய்லர் இப்படியா செய்தார் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், இது நான் சரிபார்த்த வழி. நான் கணிதப் பேராசிரியரும் இல்லை.)

இன்னொன்று. எண்கள் பிடிக்கும் என்று வாயைத் திறந்தாலே என் பெயருக்கு என்ன எண், ராசியா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 59, அப்புறம் 14, அப்புறம் 5 என்று கூட்டிக்கொண்டே போனால் தெரிவது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி மட்டும்தான் ஐயா, கல்யாணத் தேதி இல்லை.

6700417-ம் பகா எண்தான். நேரமிருந்தால் அதையும் 64-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1 வரும்.