மருத்துவம் கேள்வி-பதில்: செல்போனில் கேட்காத மர்மர்

கேள்வி: 2020-21 ஊரடங்கில் மருத்துவம் படித்த என் மகளுக்கு வார்டு வகுப்பெல்லாம் செல்போனில்தான் நடந்தது. இப்போது டியூட்டி பார்க்கிறாள். "ஸ்டெத்துல மர்மர் பிடிபடவே மாட்டேங்குதும்மா" என்று கலங்குகிறாள். குறை அவளிடமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: அவளிடம் இல்லைங்க அம்மா. மர்மர் என்பது இதயத்தில் ரத்தம் சுழித்து ஓடும்போது எழும் 'உஸ்' என்ற ஒலி. ஆன்லைன் வகுப்புக்கான செயலிகள் பேச்சுக்குரலுக்காகச் செய்யப்பட்டவை. ஃபேன் சத்தம்போல அடங்கி, சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும்; மர்மரும் அதோடு போய்விடும். போதாததற்கு, இதய ஒலிகளில் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அவை எழும்பாது. ஆசிரியர் ஒலிபரப்பியிருப்பார், பிள்ளைகள் காதுக்கு வந்திருக்காது.

இனிமேல் பழகலாம். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கும் நோய்) உள்ள நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஏபெக்ஸில் (இதய நுனி துடிக்கும் இடம்) ஸ்டெத்தின் 'பெல்' பக்கத்தை, அதாவது கிண்ணம் போன்ற பக்கத்தை, லேசாக வைக்கட்டும். அழுத்தினால் தோல் இறுகி, ஸ்டெத்தின் மறுபக்கத் தட்டையான சவ்வான டயஃப்ரம்போல ஆகி, தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்கட்டும். மறு கையால் கழுத்துத் துடிப்பைத் தொட்டுக்கொண்டால், துடிப்போடு ஒட்டி வருவது இதயத்தின் 'லப்-டப்'பில் முதல் ஒலி என்று தெரிந்துவிடும். மணிக்கட்டு நாடி சற்றுப் பிந்தி வரும், அதை நம்ப வேண்டாம். பத்து நோயாளிகளை அவசரமாகக் கேட்பதைவிட, சம்மதம் தரும் ஒருவரையே மூன்று நாள் கேட்பது மேல்.

கேள்வி: அப்படி ஒரு நிலை திரும்ப வந்தால் வீட்டிலிருந்தே எதைப் பழகலாம்?
- முதலாண்டு மாணவர், கோபி

பதில்: தட்டிப் பார்க்கும் பெர்கஷனைப் பழகலாம் தம்பி. வீட்டில் பாதி நிரம்பிய தண்ணீர் ட்ரம் போதும். இடது நடுவிரலை மட்டும் ட்ரம்மில் அழுத்தமாகப் பதியுங்கள். மற்ற விரல்கள் பட்டால் ஒலி மங்கிவிடும். வலது நடுவிரல் நுனியால், மணிக்கட்டை மட்டும் அசைத்து, இரண்டு தட்டு. தட்டியதும் விரலை எடுத்துவிட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் சரியாக விழாது. மேலிருந்து தட்டிக்கொண்டே வந்து, ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு அளந்து பாருங்கள். இரண்டு விரற்கடைக்குள் வந்தால் கை படிந்துவிட்டது. 1761இல் இந்த முறையை எழுதி வெளியிட்ட மருத்துவர் ஆவன்ப்ருக்கரும் விடுதி நடத்தியவரின் மகன்தான்; அங்கே பீப்பாயைத் தட்டி அளவு பார்ப்பதிலிருந்துதான் இது தோன்றியது என்பார்கள். பிறகு உங்கள் வலது மார்பில் மேலிருந்து தட்டி இறங்கினால், ஐந்தாம் விலா இடைவெளி பக்கம் கல்லீரலின் மந்த ஒலி கிடைக்கும்.

இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன்தான் வீட்டிலிருந்து பழகச் சிரமம். திரையில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் கிடந்த உடலில் எல்லாம் ஒரே மங்கிய பழுப்பு. அதனால் நிறத்தை நம்பாமல், படத்தைப் பென்சிலால் மட்டும் வரைந்து, எது எதற்குப் பக்கத்தில் என்று பழகுங்கள். டிசெக்ஷன் ஹால் திறந்ததும் விரலால் உருட்டிப் பாருங்கள்: தமனி தடித்து உருண்டையாக நிற்கும், சிரை தட்டையாக ஒட்டிப்போகும், நரம்பு உள்ளே துளையில்லாத கெட்டிக் கயிறு. அக்குளில் தமனிக்கு முன்னால் நரம்புகள் 'எம்' எழுத்துபோலக் கிடக்கும். அதன் நடுக்கால்தான் கைக்குப் போகும் மீடியன் நரம்பு. முதலில் அதைப் பிடியுங்கள்.