தெளிந்த பார்வை மறுபடி மங்கினால்

அம்மாவை இன்றே, முடிந்தால் அறுவை செய்த மருத்துவரிடமே அழைத்துப் போங்கள். நாளை மறுநாள் வேண்டாம்.

உங்கள் நீண்ட கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு வரிதான்: "கண்புரை அறுவை முடிந்து ஐந்து வாரம், நன்றாகத் தெரிந்த கண் ஒரு வாரமாகப் புகைபோல இருக்கிறது." கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்துவது, வெயிலில் கூசுவது இரண்டும் பலருக்கும் சில வாரம் இருக்கும். நீங்கள் பயப்படுவதுபோல மீன் சாப்பிட்டதால் எதுவும் வராது. ஆனால் தெளிந்த பார்வை மறுபடி மங்குவது அப்படியல்ல. வலி குறைவாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

அறுவைக்குப் பின் பாக்டீரியா தொற்று வந்தால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வலியும் சிவப்புமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பூஞ்சை மெதுவானது. ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவை வாரக்கணக்கில் கண்ணுக்குள் பதுங்கியிருந்து வளரும். உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். விழித்திரை வீக்கமாகவும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும்.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாங்கிப் போட்டது பெரிய தவறு. அது சிவப்பைத் தணித்து, "சரியாகிவிட்டது" என்று நம்ப வைக்கும். உள்ளே பூஞ்சை இருந்தால், அந்த நாட்களில் அது தடையில்லாமல் பரவும். மருத்துவர் பார்க்கும்வரை இனி ஒரு சொட்டும் வேண்டாம்.

நீங்கள் வீடியோவில் பார்த்துவிட்டுத் தூங்காமல் இருந்தீர்களே, அந்தக் கறுப்புப் பூஞ்சை வேறு. 2021-இல் கொரோனாவோடு வந்தது, மூக்கிலிருந்தும் சைனஸிலிருந்தும் கண்குழிக்குப் பரவுவது. கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களை அதிகம் தாக்கியது. அதற்காகக் கண்ணையே எடுத்த படங்களைப் பார்த்து அம்மாவையும் பயமுறுத்தாதீர்கள்.

மருத்துவர் விளக்கொளியில் பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். சந்தேகம் வந்தால் கண்ணுக்குள்ளிருந்து சில துளி நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அந்தச் சோதனையில் பூஞ்சை வளர்ந்து தெரியவே இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் வோரிகோனசோல் அல்லது ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே 0.1 மில்லி ஊசியாகப் போடுவார்கள். சிலருக்கு விழிக்குள் இருக்கும் ஜெல்லையும் அகற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பார்வை மிஞ்சும்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.